4 சதுர மில்லிமீட்டர்

1973 ஜூலை 25 அன்று தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் இந்தியாவின் முதல் கோள வடிவ வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். கடலில் முத்துக் குளித்த கடைசிச் சலாபம் 1961இல் முடிந்திருந்தது. 12 ஆண்டு இடைவெளி. அந்த முத்துக்கு வரவு செலவு எழுத உட்கார்ந்தால் படகு, கூண்டு, ஆள்கூலி எல்லாவற்றுக்கும் முன்னால் 2 மி.மீ. நீளமும் 2 மி.மீ. அகலமும் உள்ள ஒரு சதைத் துண்டை எழுதவேண்டும்.

அது வேறொரு சிப்பியின் மேலுறையில் வெட்டிய துண்டு. மென்தாலில் மயங்கி வாய் திறந்த சிப்பியின் சினைப்பகுதியைக் கீறி, முத்துக்கு மையக்கருவாகும் மணியையும் துண்டையும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும்படி உள்ளே வைக்கிறார்கள். பக்கத்திலேயே குடலின் வளைவு. கத்தி அங்கே பட்டுவிடக் கூடாது. 6 மி.மீ. மணியின் மேற்பரப்பு 113 சதுர மி.மீ., துண்டின் பரப்போ 4. அதாவது அந்நியச் செல்கள் 28 மடங்கு பரவி மணியைப் பையாக மூடவேண்டும்.

பரவ விடுவது யார்? முதலில் சிப்பியின் ரத்த அணுக்கள் காயத்துக்கு வருவதுபோல் வந்து சூழ்கின்றன. பிறகு சிப்பியின் இணைப்புத் திசு அந்தப் பையைத் தாங்கி நிற்கிறது. பைக்கு உணவும் அந்தத் திசுவின் வழியாகவே போகிறது. அரை மைக்ரான் கனமுள்ள முத்துப்பூச்சு ஆயிரம் அடுக்கு படிந்தால்தான் அரை மி.மீ. சேரும். அப்போது முத்து 7 மி.மீ.; கன அளவில் 37 சதவீதம் பூச்சு, மற்றது மணி. அறுவைக்குப் பின் திரும்பக் கிடைத்த சிப்பிகளில் முத்து தந்தவை தூத்துக்குடிக் கணக்கில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அந்நியத்தை இனங்கண்டு எதிர்க்கச் சிப்பிக்கு டி-செல்லும் இல்லை, எதிர்ப்பொருளும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. நம் செரிமானப் பாதையின் உட்பரப்பு சுமார் 32 சதுர மீட்டர். மதியம் சாப்பிட்ட சீலா மீன் குழம்பும் அங்கே அந்நியப் புரதம்தான். அதோடு உடல் சண்டைக்குப் போகாததற்கு ஒரு காரணத்தை 2014இல் வெளியான எலி ஆய்வு காட்டியது. குடல்பக்க நிணநீர்க்கணுவை எடுத்து முழங்கால் மடிப்பில் பதித்தார்கள். வெள்ளணுக்கள் மாறிவிட்டன, சட்டகமாக நிற்கும் இணைப்புத் திசு செல்கள் பழையவை. இடம் மாறிய பிறகும் அந்தக் கணு, எதிர்ப்பை அடக்கும் டி-செல்களைக் குடலில் இருந்தபோது போலவே அதிகமாக உருவாக்கியது. திசு தன் ஊரை மறக்கவில்லை. முத்தின் நிறமும் பெரும்பாலும் துண்டு தந்த சிப்பியின் நிறத்தையே ஒட்டி வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அறுவடை நாளில் முத்தைப் பிதுக்கி எடுக்கிறார்கள். முத்து தராசுக்குப் போகிறது. கிழிந்த பையும் அதைத் தாங்கிய திசுவும் சதையோடு வாளிக்குப் போகின்றன.