யாருடைய பயம்?

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்குபவருக்குப் பயத்தைச் சொல்ல முதலில் கிடைக்கும் சொல் 'கொவை'. 'இனு க கொவை' என்றால் 'நாயைக் கண்டால் எனக்குப் பயம்'. 'எனக்கு' என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. அது தேவையும் இல்லை. இவ்வளவு எளிதாக இருப்பதால் 'ஒசொரொஷீ', 'ஒசொரெரு', 'கொவகரு' என்று அகராதியில் வரும் மற்றவற்றையும் 'பயம்' என்ற ஒரே பொருளுக்கு நேராக எழுதி மனப்பாடம் செய்யத் தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பயப்படுவது யார், அதைச் சொல்வது யார் என்று கேட்டுக்கொண்டே படித்தால்தான் இந்தச் சொற்கள் கைவசப்படும்.

தமிழில் 'எனக்குப் பயமாயிருக்கிறது', 'தம்பிக்குப் பயமாயிருக்கிறது' இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. அதே பழக்கத்தில், தம்பியைக் குறிக்கும் 'ஒதோதோ'வை வைத்து 'ஒதோதோ வ கொவை' என்று சொன்னால், கேட்கும் ஜப்பானியர் 'இவருடைய தம்பி பயங்கரமான ஆள் போலிருக்கிறது' என்றே எடுத்துக்கொள்வார். பயந்தவன் பயமுறுத்துகிறவனாகி விடுகிறான்! 'கொவை' என்பது சொல்பவரின் உள்ளிருந்து வரும் சொல். அடுத்தவர் மனதில் இருப்பது நமக்கு அவர் முகத்திலும் செய்கையிலும்தான் தெரியும். அதனால் 'கொவ' என்ற பகுதியோடு 'கரு' என்ற விகுதியைச் சேர்த்து 'கொவகரு' என்ற வினையாக்கி, 'பயந்துகொண்டிருக்கிறான்' என்பதுபோல் 'இனு ஒ கொவகத்தே இரு' என்கிறார்கள். நாயைக் கண்டு அவன் பயப்படுவது வெளியே தெரிகிறது என்பது அதன் உட்பொருள். நாயோடு ஒட்டியிருந்த 'க' போய், நம் 'ஐ' உருபைப் போன்ற 'ஒ' அங்கே வந்துவிடுவதையும் கவனிக்க வேண்டும். வலி, துக்கம், ஆசை ஆகியவற்றுக்கும் இதே வழிதான்.

எதிரில் இருப்பவரிடம் ஜப்பானியர்கள் 'கொவை?' என்று கேட்பதில்லையா, நாவலாசிரியர்கள் கதைமாந்தரின் பயத்தை நேராகவே எழுதுவதில்லையா என்று ஒருவர் மறுக்கலாம். இரண்டும் நடப்பவைதான். ஆனால் கேள்வி கேட்கும்போது, சொல்லும் உரிமையை எதிரில் இருப்பவரிடமே கொடுத்துவிடுகிறோம். நாவலாசிரியரோ தான் படைத்த மனதுக்குள் இருந்துகொண்டே எழுதுகிறார். உள்ளே இருப்பவர்தான் 'கொவை' சொல்லலாம் என்பதை இவ்விரண்டும் உறுதிதான் செய்கின்றன.

பிழையாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்களே, பிழைப்புக்கு இது போதாதா என்பது இன்னொரு வாதம். கடைத்தெருவில் போதும். ஆனால் 2019-இல் ஜப்பான் தொடங்கிய புதிய வேலை விசாவில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. குளியல் தொட்டியில் இறங்கத் தயங்கும் மூதாட்டியைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறார் ஒரு பராமரிப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். 'கொவகத்தே இரு' என்று எழுதினால் அது அவர் கண்ணால் கண்டது. 'கொவை தொ இத்தே இரு' என்று எழுதினால் அது மூதாட்டி தன் வாயால் சொன்னது. அடுத்த முறைக்கு வருபவருக்கு இந்த வேறுபாடு தேவை. பயத்தின் சாயல்களைக் காட்டும் ஒலிக்குறிப்புச் சொற்களும் அங்கே கைகொடுக்கும். திட்டு விழுமோ என்று முன்கூட்டியே நடுங்குவது 'பிகுபிகு'. பிறர் முன் தைரியம் இழந்து தடுமாறுவது 'ஒதொஒதொ'. கயிற்றின் மேல் நடப்பவரைக் கீழிருந்து பார்ப்பவருக்கு நெஞ்சு பதறுவது 'ஹரஹர'. வெடவெட, படபட, திக்திக் என்று பேசிப் பழகிய நமக்கு இவை அந்நியமாகத் தோன்றாது.

யாருடைய மனதிலும் இல்லாத பயத்துக்கும் ஒரு சொல் உண்டு. ஜப்பானிய வானிலை எச்சரிக்கைகளில் வரும் 'ஒசொரெ' என்பது கெடுதல் நேரக்கூடிய வாய்ப்பைக் குறிக்கிறது. 'பயம்' என்று மட்டும் படித்தவர், நிலச்சரிவு வரலாம் என்ற அறிவிப்பை யாரோ பயப்படுவதாக எடுத்துக்கொண்டு நின்றுவிடக்கூடும். 1995 கோபே நிலநடுக்கத்தில் அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் தவித்தார்கள். அதன் பிறகுதான் 'எளிய ஜப்பானியம்' என்ற முயற்சி பிறந்தது. அது நல்ல முயற்சி. ஆனால் எல்லா அறிவிப்பும் அப்படி வருவதில்லை.

ராகுகோ என்னும் கதைசொல்லும் கலையில் 'மஞ்ஜூ கொவை' என்றொரு பழைய கதை உண்டு. நண்பர்கள் கூடி, தங்களுக்கு எது பயம் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். ஒருவன் மட்டும், இனிப்புப் பூரணம் வைத்த மஞ்ஜூ பண்டம்தான் தனக்குப் பயம் என்கிறான். அவனை மிரட்ட நினைத்து அவன் அறையில் மஞ்ஜூவைக் குவிக்கிறார்கள். அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டு, 'இப்போது எனக்குச் சூடான தேநீர்தான் பயம்' என்கிறான். நண்பர்கள் ஏமாந்ததற்குக் காரணம், 'கொவை' என்று அவன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டதுதான். அவன் 'கொவகத்தே இரு'க்கிறானா என்று முகத்தைப் பார்த்திருந்தால் மஞ்ஜூ மிஞ்சியிருக்கும்.