படத்தில் இல்லாத நண்பர்

முழந்தாட்படியிட்டு, விலங்கு பூட்டிய கைகளைக் குவித்து நிற்கும் புனித தேவசகாயத்தின் படம் தளவாய்புரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. சிறு வயதில் அந்தச் சங்கிலி மட்டுமே என் கண்ணில் படும். இப்போதோ அப்படத்தில் இல்லாத ஒருவரைத் தேடுகிறேன். அவர் டிலனாய்.

1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனித் தளபதி அவர். பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தார். அவர் மன்னர் முன் சரணடையும் காட்சி பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாக உள்ளது. அந்த அரண்மனையில்தான் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன் என்னும் அலுவலர் அவருக்கு நண்பரானார். சொத்தும் கால்நடைகளும் அழிந்து நீலகண்டன் மனம் சோர்ந்திருந்த வேளையில், டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

யோபு ஆகமத்தில் எனக்குப் பிடித்த இடம் இரண்டாம் அதிகாரத்தின் இறுதி. மக்களையும் செல்வத்தையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகி யோபு சாம்பலில் அமர்ந்திருக்கிறார். நண்பர் மூவர் தொலைவிலிருந்து வருகின்றனர். அடையாளம் தெரியாத அவரது கோலம் கண்டு அழுகின்றனர். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் இருக்கின்றனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே! வாய் திறந்த பிறகுதான் கெட்டார்கள். "நீ பாவம் செய்திருப்பாய்" என்று வாதாடினார்கள். முடிவில் இறைவனே அவர்கள்மேல் சினங்கொள்ள, அவர்களுக்காக யோபுவே மன்றாட வேண்டியதாயிற்று.

ஆங்கில ஓவியர் வில்லியம் பிளேக் யோபுவின் வரலாற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி 1826-இல் வெளியிட்டார். அதில் ஒரு படம்: நடுவில் மண்டியிட்ட யோபு, மூவரும் சேர்ந்து அவரை நோக்கிக் கைநீட்டுகின்றனர்.

அந்தக் கைகளைக் கண்டதும் எனக்கு வெட்கமாயிருந்தது. சென்ற ஆண்டு என் தோழியின் தந்தை இறந்தபோது, ஆறுதல் என்றெண்ணி, "எல்லாம் நன்மைக்கே, இறைவன் சித்தம்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சொன்ன வேதம் தவறன்று, வேளைதான் தவறு. அதன்பின் இரண்டு வாரம் அவளிடம் எப்படிப் பேசுவதென்றே தெரியவில்லை.

டிலனாய் சொன்னது மட்டும் எப்படிப் பலித்தது? அவரும் தோற்றவர், அயல்நாட்டில் கைதியானவர். தோற்றவர் சொன்னதால்தான் அது நீலகண்டனின் நெஞ்சில் தைத்தது என்று நினைக்கிறேன்.

1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்று பெயர். அதன் தமிழ்தான் தேவசகாயம். பெத்தானியா ஊர் லாசரை இயேசு தம் நண்பர் என்றழைத்ததாக அருளப்பர் எழுதுகிறார். உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் நண்பரின் கல்லறைக்குச் செல்லும்போது ஆண்டவர் கண்ணீர் விட்டார். உபதேசம் செய்வதில் அவசரப்படும் என் போன்றோர் இதை அடிக்கடி வாசிக்கலாம்.

1749-இல் சிறைப்பட்ட தேவசகாயம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவர் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். டிலனாயோ அதே அரசில் பணி தொடர்ந்து, 1777-இல் இறந்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவரது கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறித்திருக்கின்றன. நண்பரைக் காக்க இயலாமல் வாழ்ந்த அந்த இருபத்தைந்து ஆண்டுகளும் அவர் நெஞ்சம் என்ன பாடுபட்டதோ!

இருவரும் அமர்ந்து யோபுவைப் பற்றிப் பேசும் படம் எதையும் நான் பார்த்ததில்லை. என் தோழி நன்றாக வரைவாள். தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டேன். "வரைகிறேன். ஆனால் டிலனாய் பேசத் தொடங்குவதற்கு முன்னால் இருப்பது போலத்தான் வரைவேன்" என்றாள். பென்சில் கோடுகள் முடிந்துவிட்டன. டச்சுக்காரரின் தொப்பி எப்படியிருக்கும் என்று நேற்றுக் கேட்டாள். இருவருமாக நூலகத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.