கோடை வெப்பம், மழைக்கால ஈரம்: வைட்டமின் மாத்திரைகள் வீரியம் இழப்பது எப்படி?

வைட்டமின் மாத்திரை அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் காலாவதி தேதி நிபந்தனைக்கு உட்பட்டது. குறிப்பிட்ட வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் பாதுகாக்கப்பட்டால் மட்டுமே அந்தத் தேதிவரை மருந்தின் வீரியம் நீடிக்கும். அடுப்பருகிலோ சன்னலோரத்திலோ வைக்கப்படும் மாத்திரைகளுக்கு அந்த உறுதி பொருந்தாது.

உலக சுகாதார அமைப்பின் பட்டியலின்படி, இந்தியாவுக்கான மருந்துகளின் நீண்டகால நிலைத்தன்மை 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் 70 சதவீத ஈரப்பதத்திலும் சோதிக்கப்படுகிறது. ஆனால், வட மாநில நகரங்களில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 டிகிரியை எட்டுகிறது. மும்பை போன்ற கடலோர நகரங்களில் மழைக்கால ஈரப்பதம் 80 சதவீதத்தைக் கடக்கிறது. வீட்டுச் சூழல், சோதனைக்கூடச் சூழலைவிடக் கடுமையாக இருப்பது இதனால் தெளிவாகிறது.

பாதிப்பு எல்லா வைட்டமின்களுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வைட்டமின் சி ஈரத்தாலும் காற்றாலும் விரைவில் சிதைகிறது. மாத்திரையில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் அதன் அடையாளம். அதன் ஒரு வடிவமான சோடியம் அஸ்கார்பேட், அறை வெப்பநிலையில் ஈரப்பதம் சுமார் 86 சதவீதத்தைத் தாண்டினால் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். வைட்டமின் ஏ ஒளியாலும் ஆக்சிஜனாலும், பி2 ஒளியாலும் சிதைகின்றன. நியாசின் ஒப்பீட்டளவில் உறுதியானது. இரும்பு, கால்சியம் போன்ற தாதுக்கள் சிதைவதில்லை. எனினும், கூட்டு மாத்திரைகளில் உள்ள இரும்பும் செம்பும் ஈரம் பட்டால் வைட்டமின் சி சிதைவதை விரைவுபடுத்தும்.

வீரியம் குறைவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதே முக்கியச் சிக்கல். கருத்தரிப்பதற்கு முன்பும் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலும் உட்கொள்ளும் ஃபோலிக் அமிலம், சிசுவின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்க உதவுகிறது. மாத்திரையில் உரிய அளவு இல்லாவிட்டால் அப்பயன் குறையக்கூடும். தாய்க்கு அது தெரியவும் வாய்ப்பில்லை. இக்காரணத்தால்தான், 9 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் வழங்கப்படும் வைட்டமின் ஏ திரவப் புட்டியில் திறந்த தேதியை எழுதி, 8 வாரங்களுக்குள் பயன்படுத்துமாறு சுகாதாரப் பணியாளர்கள் அறிவுறுத்தப்படுகின்றனர்.

மாத்திரைகளை உட்கொள்ளும் வரை அவற்றின் அட்டையிலிருந்து பிரிக்காமல் வைப்பதே நல்லது. புட்டியாயின் மூடியை இறுக மூடுவதுடன், உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் அகற்றக் கூடாது. சமையலறை, குளியலறையைத் தவிர்த்து, வெயில் படாத படுக்கையறை அலமாரியில் வைக்கலாம். லேபிளில் குறிப்பிடப்படாவிடில் குளிர்சாதனப் பெட்டியும் ஏற்றதல்ல. வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் காற்றிலுள்ள ஈரம் புட்டிக்குள் படியும். கோடையிலும் மழைக்காலத்திலும் ஓரிரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குவது சிறந்தது.

நிறம் மாறிய, பிசுபிசுத்த மாத்திரைகளைப் பயன்படுத்தக் கூடாது. வீரியம் குறைந்திருக்கும் எனக் கருதி இரட்டிப்பாக உட்கொள்வதும் தவறு. வைட்டமின் ஏ, டி ஆகியவை உடலில் அளவுக்கு மீறித் தேங்கினால் நச்சாக மாறும்.