"நாளைக்குப் படிக்கலாம்" என்பவன் சோம்பேறியா?

சித்தூரில் ரெயில் ஏறி, பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் படிக்கப் போகும் மாணவன் ஒருவனை நினைத்துப் பாருங்கள்.

மடியில் புத்தகம் விரிந்து கிடக்கிறது. பக்கம் புரளவில்லை. "பரீட்சைக்குத்தான் இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே!" என்று மூடி வைத்து விடுகிறான்.

ஒரு மாதம் ஒரு வாரம் ஆகிறது. ஒரு வாரம் ஓர் இரவாகச் சுருங்குகிறது. விடிய விடியக் கண் விழித்து, சிவந்த கண்களுடன் பரீட்சை எழுதுகிறான். முடிவு வந்ததும் வீட்டில் அவனுக்குக் கிடைக்கும் பட்டம், "சோம்பேறி!"

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-ம் ஆண்டிலும், ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-ம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு, ஒரு பாடம் போனாலும் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

100-க்கு 46 பேர்

ஆனால் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. அமெரிக்காவில் சாலமன், ராத்பிளம் என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 342 கல்லூரி மாணவர்களை விசாரித்து, 1984-ல் முடிவை வெளியிட்டனர். கட்டுரை எழுதுவதைப் பெரும்பாலும் தள்ளிப்போடுவதாக 100-க்கு 46 பேர் ஒப்புக்கொண்டார்கள்.

எந்தக் குணம்?

கனடா நாட்டுப் பேராசிரியர் பியர்ஸ் ஸ்டீல், இது பற்றி நடந்த ஏராளமான ஆராய்ச்சிகளை ஒன்று திரட்டி 2007-ல் ஆராய்ந்தார். பயந்த சுபாவத்துக்கும் தள்ளிப்போடுவதற்கும் உள்ள தொடர்பு குறைவே என்று தெரிந்தது. கண்ணெதிரே தெரியும் இன்பத்துக்கு உடனே மனம் தாவுவது, ஒழுங்காகத் திட்டமிடும் பழக்கம் இல்லாதது, "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை குறைவது, பாடமே கசப்பது ஆகியவைதான் பெரிய காரணங்கள்.

இதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. திருக்குறளில் "மடியின்மை" அதிகாரத்தில் வள்ளுவரும், காலம் கடத்துவதையும் சோம்பலையும் தனித்தனியாகவே எண்ணுகிறார்.

என்ன செய்யலாம்?

பெரிய பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு வைக்கலாம். படிக்கும் நேரத்தில் செல்போனை வேறு அறையில் வைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரிடம் ஆராய்ச்சி நடந்தது. 2010-ல் வெளியான அதன் முடிவு வியப்பானது. முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்குத் தள்ளிப்போடுவது குறைந்தது!

தன்னையே நொந்துகொள்பவனுக்குப் புத்தகத்தைக் கண்டாலே கசக்கிறது. கசப்பதால் மறுபடியும் தள்ளிப்போடுகிறான்.

எனவே பெற்றோர்களே, பிள்ளை மறுபடி ரெயில் ஏறும்போது "சோம்பேறி" என்று திட்டி அனுப்பாதீர்கள்.

"பாகாலா வருவதற்குள் இரண்டு பக்கம் படித்துவிடு, கண்ணு" என்று சொல்லி அனுப்புங்கள்.