பாற்கிண்ணமும் பகடையும்

சென்ற தவணை விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ஒரு நாள் மாலை, எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தையார் தடித்த புத்தகமொன்றைக் கையிலேந்தியவராய் எமது இல்லத்துக்கு வந்தார். முகத்திலே கலக்கம் தெரிந்தது. கனடாவில் வதியும் தாய்மாமன் பையனுக்கு அனுப்பிவைத்த புத்தகம் அது. வழவழப்பான தாள்களிலே இறகு முளைத்த சிற்றுருவங்களும் கொம்பு முளைத்த பேருருவங்களும் பலவண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன. பையனும் நண்பர் நால்வரும் சனிக்கிழமைதோறும் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, இவ்வுருவங்களை வைத்து ஏதோ விளையாடுகின்றார்களாம்.

"மாஸ்டர், இது முழுக்கப் பேயும் பிசாசுமாக் கிடக்கு. பெடியன்ரை புத்தி பிசகிப்போடுமோ எண்டு பயமாயிருக்கு. கொளுத்திப் போடட்டே?" என்று கேட்டார்.

கொளுத்துவதற்கு முன் ஒரு வாரம் எம்மிடம் விட்டுச் செல்லுமாறு வேண்டிக்கொண்டோம். அவ்வாரத்தில் யாம் படித்தவற்றையும் சிந்தித்தவற்றையும் இங்கே எழுதுகின்றோம். பெற்றோர்க்கும் மாணவர்க்கும் பயன்படக்கூடும்.

மேசைமேல் ஒரு காடு

இவ்விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது. 'நிலவறைகளும் பறவைநாகங்களும்' எனத் தமிழிற் கூறலாம். அமெரிக்காவைச் சேர்ந்த கெறி கைகாக்ஸ், டேவ் ஆர்ணெசன் என்னும் இருவர் இதனை ஆக்கி, 1974 ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாகப் பெட்டியிலிட்டு வெளியிட்டனர். முதன்முதலில் ஆயிரம் பெட்டிகளே விற்பனைக்கு வந்தன.

சதுரங்கத்திற்போல இங்கே எதிரியை வெல்வது நோக்கமன்று. கூடியிருப்போரில் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். "காட்டின் நடுவே பாதை இரண்டாகப் பிரிகின்றது, என்ன செய்வீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். அவரவர் தம் செயலைச் சொல்ல, பலன் நிச்சயமில்லாதவிடத்துப் பகடை தீர்ப்பளிக்கும். 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் இதற்கென உள்ளன. இவ்வைந்தும் கிரேக்க ஞானி பிளேட்டோவின் பெயரால் வழங்கும் ஐந்து ஒழுங்கான திண்மங்களே என்பதைக் கேத்திரகணிதம் பயின்ற மாணவர் உடனே கண்டுகொள்வர்.

அப்புத்தகத்திலே எமது கருத்தை மிகவும் கவர்ந்தது 'பிக்ஸி' என்னும் சிற்றுரு. எமது மொழியிலே குறளி என்றொரு சொல் உண்டு. மாயவித்தை புரியும் குள்ள உருவத்தைக் குறிப்பது. பிக்ஸிக்கு அதனிலும் பொருத்தமான பெயர் வேறில்லை. 2014 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அக்குறளியின் வலிமை 2. சாதாரண மனிதனுடையது 10. அதன் உயிர்ப்புள்ளியோ ஒன்றே ஒன்று. ஓர் அடி பட்டால் மடிந்துவிடும். ஆயினும் அது கண்ணுக்குத் தோன்றாமற் பறக்கவும், ஆளைத் தூங்கவைக்கவும், அறிவை மயக்கவும், உருவை மாற்றவும் வல்லது.

இவ்வமைப்பின் நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாளேந்திய வீரன் குறளியின்முன் வீணாகின்றான். காணாத ஒன்றை அவன் எங்ஙனம் வெட்டுவான்? அவனுடைய சப்பாத்து மரக்கிளையிலே தொங்கும். அவனுடைய குதிரை பின்னோக்கி நடக்கும். இன்சொற் கூறியோ, கைப்பொருள் ஈந்தோ, புதிர் ஒன்றை விடுவித்தோதான் அவன் காட்டைக் கடக்கலாம். செருக்குடையவனைக் குறும்பினால் வழிக்குக் கொண்டுவருவதே குறளியின் தொழில்.

அடுப்படியில் வாழ்ந்த குறும்பன்

இக்குறளி அமெரிக்கர் புதிதாகப் படைத்ததன்று. பிக்ஸி என்பது இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன், கோண்வோல் ஆகிய பகுதிகளின் பழைய நாட்டார் நம்பிக்கை. அங்குள்ள டாட்மூர் என்னும் மேட்டுவெளியிலே மூடுபனி சடுதியாக இறங்கும். தெரிந்த வழியிலேயே திசை தப்பியவனைப் பிக்ஸி அலைக்கழித்தது என்பர். மேலங்கியைக் கழற்றி உட்புறம் வெளியாகத் திருப்பி அணிந்துகொண்டால் மயக்கந் தீரும் என்பது அவர்கள் கண்ட பரிகாரம்.

ஸ்கொத்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 'பிறௌனி' என்னும் வீட்டுக் குறளி இருந்தது. வீட்டார் உறங்கிய பின்னர் அது தானியம் அடிக்கும், பாத்திரம் துலக்கும். கூலியாக ஒரு கிண்ணம் பாலோ பாலாடையோ வைத்தாற் போதும். ஆனால், இரங்கி உடை தைத்துக் கொடுத்தால் அன்றே வீட்டை விட்டு நீங்கிவிடுமாம். அவமதித்தாலோ 'பொகாட்' என்னும் தொல்லைக் குறளியாக மாறிப் பாலைப் புளிக்கச்செய்து பாத்திரங்களை உருட்டும். பொகாட்டின் தொல்லை தாங்காத குடியானவன் ஒருவன் தட்டுமுட்டுகளை வண்டியிலேற்றி வீடு மாறிச் செல்கையில், வண்டியிலிருந்த தயிர் கடையும் பீப்பாவுக்குள்ளிருந்து அதுவும் தலைநீட்டித் தானும் உடன் வருவதாகக் கூறிற்று என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் கேட்டுச் சிரிக்குங் கதை.

தென்னிங்கிலாந்தில் இதற்கு றொபின் குட்பெலோ என்று பெயர். 'நல்ல தோழன் றொபின்' என்பது பொருள். அஞ்சத்தக்கதை நல்ல பெயரால் அழைத்து அமைதிப்படுத்துவது மனித இயல்பு. அயர்லாந்து மக்கள் இவ்வினத்தை 'நல்ல மக்கள்' என்றனர். நஞ்சு மிக்க அரவை நாம் 'நல்ல பாம்பு' என்று அழைக்கின்றோமல்லவா?

கென்ற் மாவட்டத்து றெஜினோல்ட் ஸ்கொட் என்னும் அறிஞர் 1584 ஆம் ஆண்டில் சூனிய நம்பிக்கையைக் கண்டித்து ஒரு பெருநூல் எழுதினார். தாதிமார் குழந்தைகளுக்குப் பேய்ப் பெயர்களை அடுக்கிச் சொல்லி, வளர்ந்த பின்னரும் தம் நிழலைக் கண்டே அஞ்சும்படி செய்துவிட்டனர் என அதிலே வருந்துகின்றார். றொபினுக்குப் பாற்கிண்ணம் வைத்த வழக்கத்தையும் கூறி, அவ்வச்சம் குறைந்து வருவதையும் குறிப்பிடுகின்றார். ஆனால் அவருடைய பெருங் கவலை வேறு. வெண்ணெய் திரளாவிட்டால் முன்னர்க் குறளியைக் குறைகூறிய மக்கள், இப்பொழுது அயல்வீட்டு ஏழைக் கிழவியைச் சூனியக்காரி என்கின்றனரே என்பதுதான் அது. கடையும்போது பாலாடையின் வெப்பம் சற்றே கூடினாலும் குறைந்தாலும் வெண்ணெய் செவ்வையாகத் திரளாது. அச்சிறு காரணத்தை அறியாமையால் எத்தனை கிழவியர் அல்லற்பட்டனரோ!

விடியுமுன் திருத்திய பிழை

ஸ்கொட்டின் நூல் வெளியாகிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், ஷேக்ஸ்பியர் அதே றொபினைப் 'பக்' என்னும் பெயரோடு 'நடுவேனில் இரவுக் கனவு' என்னும் நாடகத்தில் மேடையேற்றினார். பக் செய்யாத குறும்பில்லை. கிழவியின் மதுக்கிண்ணத்தில் வெந்த பழம்போற் கிடந்து அவள் உதட்டில் மோதுகின்றான்; முக்காலியாக உருமாறி, அமர வருபவளை விழுத்துகின்றான்; நெசவாளன் பொற்றம் என்பவனுக்குக் கழுதைத் தலையைப் பொருத்துகின்றான். காதற்சாற்றை ஆள் மாறி லைசாண்டரின் கண்ணிற் பிழிந்து, இரு காதலரின் உறவைக் குலைக்கின்றான்.

ஆயின், விடியுமுன் என்ன நிகழ்கின்றது? லைசாண்டரின் மயக்கம் தீர்க்கப்படுகின்றது. கழுதைத் தலை கழற்றப்படுகின்றது. எவருக்கும் உயிர்ச்சேதமில்லை. குறும்புக்கும் கொடுமைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காண்கின்றோம். திருத்தக்கூடியது குறும்பு, திருத்தவொண்ணாதது கொடுமை. வகுப்பிலே அடுத்தவன் பேனையை ஒளித்து வைக்கும் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.

பலிவேட்லியில் மூண்ட தீ

குறளியைப் பற்றிய எல்லாக் கதையும் இங்ஙனம் சிரிப்பில் முடிந்ததில்லை. அயர்லாந்தின் டிப்பெறேறி மாவட்டத்திலே பலிவேட்லி என்னும் ஊரில் பிறிஜற் கிளியரி என்னும் இளம் பெண் வாழ்ந்தாள். தையற்பொறி வைத்து உடை தைத்தும், கோழி வளர்த்தும் சொந்தமாகப் பொருளீட்டியவள். கணவன் மைக்கேல் கிளியரி பீப்பா செய்யும் தொழிலாளி. 1895 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அவள் நோயுற்றாள். வைத்தியர் வந்து பார்த்து, நெஞ்சிலே சளி கட்டியிருப்பதாகவும் நரம்புத் தளர்ச்சி இருப்பதாகவும் கண்டார். கணவனோ, கிடப்பவள் தன் மனைவியல்லள், 'நல்ல மக்கள்' அவளைக் கவர்ந்து சென்று தம்முள் ஒருத்தியை இங்கே மாற்றி வைத்துவிட்டனர் என்று கூறத் தலைப்பட்டான்.

நோயாற் குரலும் முகமும் வேறுபட்டோரை இவ்வாறு 'மாற்றி வைக்கப்பட்டோர்' எனக் கருதுவது அந்நாட்டுப் பழைய நம்பிக்கை. மார்ச் 14 ஆம் திகதி இரவு, உறவினர் ஆண்கள் கைகால்களைப் பிடித்துக்கொள்ள, பாலிற் காய்ச்சிய பச்சிலைச் சாறு அவளுக்கு வலிந்து புகட்டப்பட்டது. நீ பிறிஜற்தானா என்று திரும்பத் திரும்ப வினவினர். மறுநாள் இரவு, தந்தையும் உறவினரும் அதே வீட்டில் இருக்கையிலேயே, கணவன் விளக்கெண்ணெயை அவள்மேல் ஊற்றி எரித்தான். பின்னர், உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையேறி வருவாள் என்று பழைய மண்கோட்டையொன்றின் அருகே இரவுகளிற் காத்திருந்தான். எவரும் வரவில்லை. மார்ச் 22 ஆம் திகதி பொலிசார் ஆழமற்ற குழியொன்றில் அவளுடைய உடலைக் கண்டெடுத்தனர். கணவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உறவினர் சிலரும் தண்டனை பெற்றனர்.

அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் சில, இத்தகைய மக்களுக்குச் சுயாட்சி எதற்கு என எழுதின. அது மற்றொரு குருட்டுத்தனம். சூனியக்காரியென்று சொல்லிப் பெண்களைத் தூக்கிலிட்ட வரலாறு இங்கிலாந்துக்கும் உண்டு. இனத்திலன்று குற்றம், கதையை உண்மையெனக் கொண்ட மனத்திலேயே குற்றம். அன்றியும், சுற்றி நின்றோருள் எவரேனும் ஒருவர், "இவள் நோயாளி, கையை விடுங்கள்" என்று உரத்துச் சொல்லித் தடுத்திருந்தால் அவள் உயிர் பிழைத்திருக்கவும் கூடும்.

கதையின் வாயில்

இனி, எமது நண்பரின் வினாவுக்கு வருவோம். இவ்விளையாட்டைக் கண்டு அஞ்சிய பெற்றோர் அவர் ஒருவரல்லர். 1980களில் அமெரிக்காவிலே, இது இளைஞரைப் பிசாசு வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் இட்டுச் செல்கின்றது என்று பெருங் கூக்குரல் எழுந்தது. அதற்குத் தக்க ஆதாரம் கிடைத்ததில்லை. எனினும், 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பிலே பிசாசுகளின் வழக்கமான பெயர்களைப் பதிப்பாளர் நீக்கிவிட்டனர்.

மேசையைச் சுற்றியிருக்கும் பிள்ளைகள், குறளி தாம் கட்டிய கதை என்பதை நன்கறிவர். அதன் வலிமை 2, உயிர் 1 என்று எண்ணிட்டு எழுதியவர்கள் அதைக் கண்டு அஞ்சுவரோ? தாய் சாப்பிட அழைத்ததும் பகடையை எடுத்துவைத்து எழுந்து செல்கின்றனர். கதைக்குள் நுழையும் வாயிலும் வெளியேறும் வாயிலும் அவர்களுக்குத் தெரியும். பலிவேட்லி வீட்டிலே அவ்வாயில் அடைபட்டுக் கிடந்தது. ஆதலால், புத்தகத்தைக் கொளுத்துவதாற் பயனில்லை. கொளுத்துவோமாயின், தாளிலுள்ள குறளி மெய்யானதென்று பிள்ளைக்கு நாமே கற்பித்தவராவோம்.

இவ்வளவும் சொல்லி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரேயொரு சனிக்கிழமை பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து பார்க்குமாறு நண்பரை வேண்டினோம். சோதனைக் காலத்தில் விளையாட்டை நிறுத்திவைப்பதற்குப் பையனிடம் வாக்குறுதி பெறுமாறும் கூறினோம். நேரத்தைக் கவர்ந்து செல்வதில் இக்குறளியும் கெட்டிக்காரனே.

இரண்டு வாரங்களின் பின்னர்ச் சந்தை வாசலில் அவரைக் கண்டோம். விசாரித்தபோது சிறிது நாணத்துடன் சிரித்தார்.

"காட்டுக்கை வழி விடமாட்டனெண்டு நிண்டுது, மாஸ்டர். பெடியங்கள் வாளை உருவினாங்கள். நான்தான் சொன்னனான், ஒரு கிண்ணம் பால் வைச்சுக் கேட்டுப் பாப்பமெண்டு. வழி விட்டிட்டுது."

பெற்றோரே! உங்கள் பிள்ளை கதையொன்றில் மூழ்கியிருக்கக் கண்டால், கதையைப் பறிக்குமுன் அருகிலமர்ந்து கேளுங்கள். மாணவரே! கதையிலே குறளியோடு எவ்வளவும் விளையாடுங்கள். ஆனால், அயலில் நோயுற்றவளையோ இயல்பு மாறியவளையோ பேய் பிடித்தவள் என்று நாலு பேர் கூடிச் சொல்லுமிடத்து, இல்லையென்று சொல்லும் ஐந்தாமவராய் நில்லுங்கள்.