மோட்டார் சைக்கிள் எஞ்சின் பேக்கிங்

பேக்கிங் (கேஸ்கெட்) என்பது எஞ்சினின் இரண்டு உலோகப் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில், கசிவைத் தடுக்க வைக்கப்படும் மெல்லிய தகடு அல்லது தாள் ஆகும். எந்திரத்தில் கடைந்து வழவழப்பாக்கப்பட்ட பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. போல்ட்டுகளை முறுக்கும்போது பேக்கிங் நசுங்கி அப்பள்ளங்களை நிரப்புகிறது. இதனால் எண்ணெயும் எரிவளிமமும் வெளியேறாமல் தடுக்கப்படுகின்றன.

வகைகள்

ஹெட் பேக்கிங்: சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ளது. எரிதலின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் நேரடியாகத் தாங்க வேண்டியிருப்பதால், பல அடுக்கு எஃகுத் தகடாகவோ உலோகம் கலந்த கூட்டுப்பொருளாகவோ செய்யப்படுகிறது.

பிளாக் பேக்கிங்: சிலிண்டரின் அடிப்பகுதியில் அமைவது. இதன் தடிமன் மாறினால் எஞ்சினின் அமுக்க விகிதமும் மாறும். எனவே கிடைத்த தாளை வெட்டி வைப்பது சரியன்று.

கிளட்ச் கவர், மேக்னட் கவர் பேக்கிங்: பெரும்பாலும் தாள் வகையைச் சேர்ந்தவை. வீட்டிலேயே மாற்றத்தக்கவை இவையே.

டேப்பட் கவர் பேக்கிங்: பல வண்டிகளில் ரப்பரால் ஆனது. நாளடைவில் இறுகி வெடிக்கும்.

மாற்றும் முறை

எஞ்சின் ஆறிய பின் எண்ணெயை வடித்துவிட வேண்டும். கவரின் போல்ட்டுகள் ஒரே நீளமுடையவை அல்ல. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட்டுகளை அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தால் இடம் மாறாது. நீளமான போல்ட்டைக் குறைந்த ஆழமுள்ள துளையில் முறுக்கினால் எஞ்சின் உறையே உடையக்கூடும்.

ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் பட்டையால் சுரண்ட வேண்டும். அலுமினியம் மென்மையானது; ஸ்குரூ டிரைவரால் விழும் ஒரு கீறல்கூட எண்ணெய்க்கு வழியாகிவிடும். பழைய வண்டிகளின் பேக்கிங்கில் கல்நார் இருக்கலாம். கல்நார்த் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால், அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. நனைத்து எடுக்க வேண்டும்.

இரு பரப்புகளையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, நிலைப்படுத்தும் முளைகள் (டோவல்) இடத்தில் உள்ளனவா எனப் பார்த்து, புதிய பேக்கிங்கை வைக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய தாள் பேக்கிங் மீண்டும் பயன்படாது. எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிர் வரிசையில் இரண்டு மூன்று சுற்றுகளாக முறுக்க வேண்டும். கவர்களில் உள்ள 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே போதும். சரியான அளவு வண்டியின் பணிமனைக் கையேட்டில் இருக்கும்.

பசையின் பயன்பாடு

தாள் பேக்கிங் இல்லாத இணைப்புகளுக்கு சிலிக்கோன் பசை பயன்படுகிறது. இது காற்றின் ஈரப்பதத்தால் இறுகுவது; முழுமையாக இறுகப் பொதுவாக 24 மணி நேரம் ஆகும். அதற்கு முன் எண்ணெய் ஊற்றி எஞ்சினை இயக்கக் கூடாது. காற்று படாத இடத்தில் இறுகும் பசைகளும் உண்டு. அவை உலோகத்தோடு உலோகம் நெருங்கிப் பொருந்தும் பரப்புகளுக்கு ஏற்றவை.

பசையை மெல்லிய கோடாகவே இட வேண்டும். மிகுதியான பசை உள்ளே பிதுங்கி, பிய்ந்து, எண்ணெய் வடிகட்டியை அடைக்கும். எண்ணெய் செல்லாத எஞ்சின் சிறிது நேரத்தில் இறுகி நின்றுவிடும். ஹெட் பேக்கிங்கில் சிலிக்கோன் பசை தடவக் கூடாது. பெட்ரோல் படும் கார்புரேட்டர் பகுதிகளிலும் சாதாரண சிலிக்கோன் ஊதிப்போகும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

கசிவு நிற்காவிட்டால்

கசிவைக் கண்டதும் போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவது பலர் செய்யும் தவறு. அலுமினியத்தில் மரை போய்விட்டால், சில ரூபாய் பேக்கிங்கோடு முடியவேண்டிய வேலை புதிய மரை போடும் பெரிய செலவாகிவிடும். சரியாக முறுக்கியும் கசிந்தால், கவர் வளைந்திருக்கலாம். அதை நேர்விளிம்புக் கோலும் ஃபீலர் கேஜும் கொண்டு சோதிக்கலாம்.

சிறு கசிவையும் புறக்கணிக்கக் கூடாது. எண்ணெய் பின் சக்கரத்தின் டயரிலோ பிரேக்கிலோ பட்டால் வண்டி வழுக்கி விபத்து நேரும்.