பாதை இருக்கிறது, போக விடவில்லை

திங்கட்கிழமை காலையில் புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். மக்கள் குறைதீர் நாள். மனு எழுதித் தருபவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். சில மாதங்களுக்கு முன்பு அங்கே எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரைப் பார்த்தேன். கையில் மஞ்சள் பை. பை நிறைய மனு ரசீதுகள்.

"எத்தன தடவக்கா வந்துட்டீங்க?"

"யாரு தம்பி எண்ணுனா? எங்க மாமியா செத்தப்ப மொத மனு குடுத்தோம். இப்ப மாமனாரும் போய்ட்டாரு. ரெண்டு பேரையும் வரப்புலதான் தூக்கிட்டுப் போனோம். மழ நாளு. தூக்குன பயலுக சேத்துல முழங்கால் வரைக்கும் எறங்கிட்டானுக."

மனுவை வாங்கிப் பார்த்தேன். 'எங்கள் தெருவிலிருந்து மயானத்துக்குப் புதிய பாதை அமைத்துத் தர வேண்டும்' என்று இருந்தது.

"இப்ப பாதையே கெடையாதாக்கா?"

"பாதை இல்லாம என்ன? ஊருக்குள்ளாற தார் ரோடே போகுது. நம்ம பொணத்த அந்த வழியா எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கிறாக."

"எம்எல்ஏகிட்ட சொன்னீங்களா?"

"ஓட்டுக் கேக்க வந்தப்ப பாத்தது. அவுக என்ன தம்பி பண்ணுவாக? ரோடு போடுறது கலெக்டரு வேலதான?"

அக்காவின் இரண்டு பதில்களும் என்னைத் தூங்கவிடவில்லை. நம் ஊர்களில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். எனவே சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதியில் என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பேசலாம்.

மூன்று இடங்கள்

ஒரு சட்டமன்ற உறுப்பினர் நமக்காகச் செயல்பட மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது சட்டமன்றம். கேள்வி நேரத்தில் கேட்கலாம், கவன ஈர்ப்பு கொண்டுவரலாம், மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறும்.

இரண்டாவது பணம். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. பள்ளிக்கூடக் கட்டடம், நிழற்குடை, குடிநீர்த் தொட்டி, சிமெண்ட் சாலை என்று நம் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் இதுதான். பெயர்ப் பலகையும் இருக்கும்.

மூன்றாவது இடத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதன் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 17-ஆவது விதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. ஆட்சியர் அதன் தலைவர். காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த அதிகாரிகளுக்கும் அலுவல் சாராதவர்களுக்கும் இடம் உண்டு. மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் இதில் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வழக்குகள் எந்த நிலையில் உள்ளன, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, அதிகாரிகள் கடமையைச் செய்தார்களா என்று அங்கே ஆராய வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. ஆறு உறுப்பினர்களுக்கும் அந்தக் கூட்டத்தில் நாற்காலி உண்டு. தனித்தொகுதி உறுப்பினருக்கு மட்டும் உரிய நாற்காலி அல்ல அது.

நூறு ஆண்டுக்கு முந்தைய தீர்மானம்

இனி அக்காவின் மனுவுக்கு வருவோம். அவர் கேட்டது புதிய பாதை. உண்மையில் பாதை இருக்கிறது, போக விடவில்லை.

இந்தப் பிரச்சினையைச் சட்டமன்றத்தில் எழுப்பியவர் இரட்டைமலை சீனிவாசன். சென்னை சட்டமன்றக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்த அவர் 1924-இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் எதையும் ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தத் தடை கூடாது என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி 1925-இல் அரசிதழிலும் வெளியானது. அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. ஆகவே சென்னை அரசின் அந்த உத்தரவு நம் மாவட்டத்து மக்களுக்கு அன்று நேரடியாகக் கிடைக்கவில்லை.

பிறகு கிடைத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப் பாதையையும் மயானத்தையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குச் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இது தெளிவாக இருக்கிறது.

அப்படியானால் அக்காவின் பிரச்சினை சாலை போடும் பிரச்சினையா, வன்கொடுமையா? 'புதிய பாதை' என்று எழுதியதால் அது நில அளவை, பட்டா, ஆட்சேபணை என்று மேசை மேசையாகச் சுற்றுகிறது. 'இருக்கும் பாதையில் தடுக்கிறார்கள்' என்று எழுதினால் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உட்காரும் கூட்டத்துக்கு அது போக வேண்டும்.

பட்டா நிலம் வழியே போவதைத் தவிர வேறு வழியே இல்லாத ஊர்களும் உண்டு. அங்கே ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் தார் ரோடு இருக்கும் ஊரில் நமக்கென்று தனிப்பாதை போட்டுக் கொடுப்பது தீண்டாமைக்கு அரசுச் செலவில் சிமெண்ட் பூசுவதாகும். சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழக அரசே அறிவித்திருக்கிறது. நாம் போக வேண்டிய திசை அதுதான்.

வேங்கைவயல் சொன்னது

2022 டிசம்பர் 26. முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. மறுநாள் அப்போதைய ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் நேரில் வந்தார்கள். அப்போதுதான் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும், இறையூர் அய்யனார் கோயிலில் நம் மக்களுக்கு நுழைவு மறுப்பும் அதிகாரிகள் கண்ணில் பட்டன. ஆட்சியர் மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்.

2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் இது எழுப்பப்பட்டு முதல்வர் பதிலளித்தார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவரையே குற்றம் சாட்டியது. மக்களும் பல அமைப்புகளும் அதை ஏற்க மறுத்தார்கள்.

நான் கேட்பது வேறு ஒன்று. இரட்டைக் குவளை அந்த டிசம்பரில் முளைத்ததா? கோயில் கதவு அன்றுதான் சாத்தப்பட்டதா? தொட்டியில் கழிவு கலக்கும் வரை அதிகாரிகள் கண்ணுக்கு அவை ஏன் தெரியவில்லை? மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 'என் தொகுதியில் எந்தெந்த ஊரில் இரட்டைக் குவளை இருக்கிறது?' என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தால், பதில் சொல்ல அதிகாரி ஊருக்கு வந்தே ஆக வேண்டும். தொட்டிக்கு அடிக்கல் நாட்டுவதைவிட இந்தக் கேள்வி பெரிய வேலை.

ஏன் கேட்பதில்லை?

தமிழ்நாட்டில் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்குத் தனித்தொகுதிகள். 1932 பூனா ஒப்பந்தத்தின் வழியில் வந்த ஏற்பாடு இது. வேட்பாளர் நம்மவர்; வாக்களிப்பவர் எல்லோரும். ஊர்த்தெருவையும் பகைத்துக்கொள்ளாமல், சேரியையும் கைவிடாமல் அவர் நடக்க வேண்டும். பொதுத்தொகுதி உறுப்பினரோ 'அது தனித்தொகுதிக்காரர் பிரச்சினை' என்று ஒதுங்கிக்கொள்கிறார். அந்தச் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வரப்பில் பிணம் தூக்குகிறவனின் சங்கடத்தைவிட அது பெரிதில்லை.

நாம் செய்ய வேண்டியது

அவர்களைக் கேட்க வைப்பது நம் வேலை. கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் நம் மாவட்ட விழிக்கண் குழு எந்தெந்த நாளில் கூடியது, எந்தெந்தச் சட்டமன்ற உறுப்பினர் வந்தார், என்ன பேசினார்கள் என்று கூட்டக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை ஊர்ப் படிப்பகத்தில் ஒட்டுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் அதைப் படிக்கட்டும்.

அக்காவின் மனுவை அன்றே மரத்தடியில் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். 'புதிய பாதை அமைத்துத் தர வேண்டும்' என்பதை அடித்துவிட்டு, 'இருக்கும் பொதுப்பாதையில் எங்கள் இறந்தவர்களை எடுத்துச்செல்வதைத் தடுக்கிறார்கள். சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினோம். ஒரு நகல் சட்டமன்ற உறுப்பினருக்கு. அடுத்த விழிக்கண் குழுக் கூட்டத்தில் இதை வைக்கும்படி அதில் தனியாக ஒரு வரி சேர்த்தோம்.

படித்துக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத இத்தன நாளா யாருமே சொல்லலையே தம்பி" என்றார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தக் குழு இரண்டு முறையாவது கூட வேண்டும். ஆறு நாற்காலிகளில் எத்தனை நிரம்புகின்றன என்று எண்ணிக்கொண்டிருப்போம்.